ஆறாம் நம்பரின் வாத்து

என் அம்மா ஏறத்தாழ பதினைந்து லட்சம் முறை வீடியோ கேம் ஆடியிருக்கிறாள். ஒன்றைக்கூட முடித்ததில்லை.

கணக்கு என்னுடையது. நாளைக்கு ஐந்நூறு கேசட், வருடத்துக்கு இருநூற்றெண்பது வேலை நாள், பதினொரு வருடம். காய்ச்சலில் படுத்த நாட்களையும், நான் பிறந்தபோது எடுத்த விடுப்பையும் கழித்துவிட்டேன். அவள் இருந்தபோதே இதைப் போட்டுக் காட்டினேன். "அவ்வளவுதானா? கை வலிச்சதுக்கு இன்னும் ஜாஸ்தி இருக்கும்னு நினைச்சேன்" என்றாள்.

அவள் போய் எழுபத்தொரு நாள் ஆகிறது.

அம்மா வேலை பார்த்தது வீடியோ கேம் கேசட் செய்யும் தொழிற்சாலையில், கடைசிப் பிரிவான சோதனைப் பிரிவில். நீளமான அறை. ஒரே வரிசையில் பத்து மேசைகள். மேசைக்கு ஒரு டிவி, ஒரு கேம் பெட்டி, ஒரு கன்ட்ரோலர், ஒரு பெண். கேசட்டைச் செருகி சுவிட்சைப் போட வேண்டும். கம்பெனி முத்திரை சரியாக வருகிறதா, பாட்டு கேட்கிறதா, நிறம் கலங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஆட வேண்டும். நான்கு திசை, இரண்டு பொத்தான். எல்லாவற்றுக்கும் சேர்த்து நாற்பது விநாடி. நாற்பதாவது விநாடியில் சுவரில் மணி அடிக்கும். அந்த நொடியில் கையை எடுத்து, கேசட்டைப் பிடுங்கி, மேசை எண் அச்சடித்த பச்சை ஸ்டிக்கரை, கோளாறு இருந்தால் சிவப்பை, ஒட்டி, பெல்ட்டில் வைக்க வேண்டும். பத்து கேசட்டும் வந்தால்தான் பெல்ட் நகரும். ஒருத்தி தாமதித்தால் பத்துப் பேரும் நிற்க வேண்டும்.

அம்மா ஆறாம் நம்பர் மேசை. அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவள் 'ஆறு'. பக்கத்து மேசைக்காரி 'ஏழு'. ஏழு எனக்குச் சித்தி. ரத்த சம்பந்தம் கிடையாது. பதினொரு வருடம் தோள் இடிக்க உட்கார்ந்ததுதான் சம்பந்தம்.

பள்ளிக்கூடத்தில் நான் பெரிய ஆளாகத் திரிந்தேன். மற்றவர்களின் அம்மாக்கள் கேம் ஆடினால் திட்டுவார்கள். என் அம்மாவுக்கு அதுதான் வேலை. வகுப்பே என்னிடம் சந்தேகம் கேட்டு அனுப்பும். மூன்றாவது லெவலில் வரும் ராட்சசனை எப்படி அடிப்பது? கோட்டைக் கதவின் சாவி எங்கே இருக்கிறது? சீட்டில் எழுதிக்கொண்டு வந்து அம்மாவிடம் படிப்பேன்.

"ராட்சசனா? எந்த கேம்ல?"

நான் பெயரைச் சொல்வேன்.

"அதுல ஒரு புல்தரை, ஒரு மரம், ஒரு ஆமை. அதுக்குள்ள மணி அடிச்சிரும். ராட்சசனெல்லாம் நான் பாத்ததில்லடி."

மறுநாள் வகுப்பில், அது கம்பெனி ரகசியம், அம்மா சொல்லக்கூடாதாம் என்று சொல்லிவிடுவேன். ராட்சசனை அடிக்கத் தெரியாத அம்மா என்று வெளியே தெரிந்தால் என் மானம் கப்பலேறிவிடும்.

எங்கள் வீட்டில் கேம் பெட்டி இருந்ததில்லை. ஆனால் மணி இருந்தது, அம்மாவின் தலைக்குள். எதை வாங்கப் போனாலும் கடைக்காரரை நிறுத்திவைத்து நாற்பது விநாடி சோதிப்பாள். குடையை விரித்து, மடக்கி, விரித்து, தலைகீழாகப் பிடித்து, உதறி. மின்விசிறியை எல்லா வேகத்திலும். "அம்மா, இது புதுசு" என்று கடைக்காரர் முனகுவார். "புதுசத்தான்ப்பா சோதிக்கணும். பழசுக்கு எதுக்கு?" என்பாள். அப்பாவையும் பார்த்த நாற்பதாவது விநாடியில் சரி என்று சொன்னவள்தான் என்று சித்தி கேலி செய்வாள்.

"முதல் லெவல் நல்லாத்தான் இருந்துச்சு, இல்ல ஆறு?"

"ஆமாம் ஏழு. ரெண்டாவது லெவல்லதான் குறட்டை."

அப்பா செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

தொழிற்சாலை மூடியபோது எனக்கு ஒன்பது வயது. கடைசி நாள் அவள் கொண்டுவந்தது மீதமிருந்த ஒரு ஸ்டிக்கர் சுருள். பச்சை வட்டம், நடுவில் 6. அதற்குப் பிறகு பதினாறு வருடம் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். ஆனால் ஸ்டிக்கர் வேலை நிற்கவில்லை. தேறிய பொருளுக்கு மட்டும் ஒட்டுவாள். குடைக்கு உண்டு. இஸ்திரிப் பெட்டிக்கு உண்டு. அப்பா ஆசையாக வாங்கி வந்த டார்ச்சுக்குக் கிடையாது, தட்டினால் அணைந்தது. என் பட்டச் சான்றிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, முத்திரையைத் தடவி, முழுக்கப் படித்து, பின்பக்கத்தில் ஒட்டினாள். சின்ன வயதில் ஒருமுறை நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"போடி. நீ இன்னும் சோதனைலதான் இருக்க."

நான் மின்னணுவியல் படித்தேன். இப்போது வேலை பார்க்கும் நிறுவனம், அம்மாவின் பழைய கம்பெனியின் ஆட்டங்களை வெளியிடும் உரிமையை வாங்கியது. அந்தக் காலத்துக் கேம் பெட்டியை உள்ளங்கை அளவில் திரும்பச் செய்வது திட்டம். கேசட் கிடையாது. ஆட்டங்கள் உள்ளேயே பதிந்திருக்கும். டிவியில் செருகினால் போதும். பழைய சிப் செய்ததையெல்லாம் புதிய சிப்பில் செய்துகாட்டும் மென்பொருள் என் பொறுப்பு.

இந்தக் குட்டிப் பெட்டிகளில் எல்லோரும் சண்டை போடுவது பட்டியலுக்காக. இடம் ஒரு பிரச்சினையே இல்லை. அந்தக் கம்பெனி வெளியிட்ட எல்லா ஆட்டங்களையும் போட்டாலும் நினைவகத்தில் பாதி காலியாக இருக்கும். ஆனால் முந்நூறு ஆட்டங்கள் இருந்தால் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்று அர்த்தம். எங்கள் மேலாளர் இருபத்தொன்று என்று முடிவு செய்தார். ஒரு பக்கத்துக்கு ஏழு வீதம் மூன்று பக்கம். பழைய விற்பனைப் பட்டியலையும் இணையத்தில் நடத்திய வாக்கெடுப்பையும் வைத்து இருபது இடங்கள் நிரம்பின. கடைசி இடத்துக்கு ஒரு குத்துச்சண்டை ஆட்டத்தின் மூன்றாம் பாகத்தை வைத்திருந்தார். முதல் இரண்டு பாகங்களும் ஏற்கெனவே பட்டியலில் இருந்தன.

பெட்டியோடு வரும் சிறு புத்தகத்தில் பழைய ஊழியர்களின் படம் போடலாம் என்று யாருக்கோ தோன்றியது. நான் அம்மாவையும் சித்தியையும் அழைத்து வந்தேன். அம்மாவுக்கு அப்போதே மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்றாள். படம் எடுத்து முடிந்தது. கூட்ட அறையின் சுவரில் பட்டியல் ஒட்டியிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"வாத்து எங்க சார்?"

"எந்த வாத்தும்மா?" என்றார் மேலாளர்.

"ஏழு, இவங்களுக்கு வாத்து தெரியலையாம்."

"வாத்து தெரியாதா?" என்று சித்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காரியம் உடனே முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தொழிற்சாலையின் கடைசி வருடத்தில் வந்த ஆட்டம் அது. ஒரு தாய் வாத்து. பின்னால் நான்கு குஞ்சுகள். ஓடையின் மேல் ஒற்றைப் பலகை. நீங்கள் நடத்துவது தாயை. வேகமாகப் போனால் குஞ்சுகள் பின்தங்கும். நின்றால் வந்து சேரும். கடைசிக் குஞ்சு மட்டும் எதையாவது வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றுவிடும். மிகவும் முன்னால் போய்விட்டால் அது தடுமாறித் தண்ணீரில் விழும். அவ்வளவுதான் முதல் லெவல். நாற்பதாவது விநாடியில் தாய் அக்கரைக்குப் பக்கத்தில் இருக்கும். கடைசிக் குஞ்சு பலகையின் நடுவில் இருக்கும்.

"மணி அடிக்கும் சார். கையை எடுக்க மனசு வராது" என்றாள் அம்மா. "இன்னும் ரெண்டு அடி வந்துரட்டும்னு தோணும். பத்து மேசைலயும் அப்படித்தான். பெல்ட் நின்னு போகும். அன்னைக்கு நானூறுகூடத் தாண்டாது."

"சூப்பர்வைசர் ரிஜிஸ்டர்ல 'வாத்து நாள்'னே எழுதுவாரு" என்றாள் சித்தி. "லைன் ஏன் நிக்குதுன்னு கத்திக்கிட்டே வந்தாரு ஒரு நாள். அப்படி என்னதான் இருக்கு இதுலன்னு என் கைல இருந்து ரிமோட்ட புடுங்கினாரு. மணி ரெண்டு தடவை அடிச்சிருச்சு, மனுஷன் குடுக்கல. பதினோரு வருஷத்துல வேற எந்த கேசட்டுக்கும் லைன் நின்னதில்ல சார்."

"ஆனா விக்கலையேம்மா. ரெண்டே லாட்தான் போட்டிருக்காங்க."

"எப்படி விக்கும்? அட்டையில இவ்வளவு பெரிய முதலையப் போட்டான். வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது. பசங்க வேட்டைன்னு நினைச்சு வாங்கி, வாத்தப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்திருக்கும். உள்ள முதலையே கிடையாது சார். அப்பட்டமான பொய். அந்த அட்டைக்காரனத் திட்டாத நாளில்ல நாங்க."

ஆட்டங்களின் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் இதற்குள் தன் கணினியில் அதைத் தேடிப் பிடித்திருந்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார். "முதலை இருக்கும்மா. ரெண்டாவது லெவல்ல வருது."

அம்மா அவரைப் பார்த்தாள். சித்தியைப் பார்த்தாள்.

"நிஜமாவா?"

அறை சிரித்தது. மேலாளரும் சிரித்துவிட்டார். "அப்ப இந்த ஆட்டத்த நீங்க முழுசா ஆடினதே இல்லையா?"

"எந்த ஆட்டத்தயுமே ஆடினதில்ல சார்."

இன்னும் பெரிய சிரிப்பு. நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராட்சசனைத் தெரியாத அம்மா வெளியே தெரிந்துவிட்டாள். வகுப்பறை அலுவலகமாகியிருந்தது, அவ்வளவுதான். அன்று நான் வெட்கப்பட்டேன் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும்.

அம்மா வெட்கப்படவில்லை. சிரிப்பு அடங்கும்வரை பொறுத்தாள். தாய் வாத்தை நிறுத்திவைப்பதுபோல.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? இந்தப் பெட்டிய வாங்கறவங்க, இருபத்தோரு ஆட்டத்துல எத்தனைய முழுசா ஆடுவாங்க?"

மேலாளர் நேர்மையான மனிதர். அதற்கான ஆய்வும் அவரிடம் இருந்தது. "ரெண்டோ மூணோதான். மத்ததயெல்லாம் ஒரு நிமிஷம் திறந்து பாப்பாங்க. மூடிருவாங்க."

"அந்த ஒரு நிமிஷத்தப் பத்தித்தான் சார் நான் சொல்றேன். அது எங்களுக்குத் தெரியும்."

மேலாளர் சுவரில் இருந்த பட்டியலின் கடைசி வரியைத் திரும்பிப் பார்த்தார்.

சோதனை அங்கேயே முடிவானது. இரண்டு ஆட்டத்தையும் பார்த்திராத இருபது பேரை மற்ற மாடிகளிலிருந்து கூப்பிடுவது. ஆளுக்கு நாற்பது விநாடி குத்துச்சண்டை, நாற்பது விநாடி வாத்து. மணி அடித்ததும் கையை எடுக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுவது. மணி அடித்து ஐந்து விநாடி கழித்தும் எத்தனை பேர் கையை எடுக்கவில்லை என்று எண்ணுவது. எது அதிகமோ அதற்குத்தான் கடைசி இடம். மணிக்குப் பதில் சித்தி ஒரு கண்ணாடி டம்ளரையும் ஸ்பூனையும் எடுத்துக்கொண்டாள்.

குத்துச்சண்டைக்கு ஒன்பது கை. வாத்துக்கு மூன்று.

ஆடியவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று அம்மா அவர்களுடைய கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் போன பிறகு கன்ட்ரோலரை வாங்கினாள். பத்து விநாடி ஆடினாள். கீழே வைத்தாள்.

"இது என் வாத்து இல்ல."

"அம்மா, அதேதான். பைட்டுக்கு பைட் நானே சரிபாத்திருக்கேன்" என்றேன்.

"இருக்கலாம். நான் கையை எடுத்த பிறகும் இது ஒரு அடி வைக்குது. அது வைக்காது. நின்னா நிக்கும். இது ஒரு அடி கூடுதலா வைக்கறதாலதான் குஞ்சு விழுது. பாவம், ஆடினவங்க தங்களுக்கு ஆடத் தெரியலன்னு நினைச்சுக்கிட்டுப் போறாங்க."

"வயசாகும்போது விரல் கொஞ்சம் மெதுவாகும்மா" என்று யாரோ மென்மையாகச் சொன்னார்கள்.

"தம்பி, அது பதினஞ்சு லட்சம் கேசட்டு பாத்த விரல்" என்றாள் சித்தி. "நீங்க உங்க பொட்டியப் பாருங்க."

அம்மா கைப்பையைத் திறந்தாள். சுருள் உள்ளே இருந்தது. நான் வேலை செய்த பெட்டிக்கு ஒட்டுவதற்காகவே கொண்டுவந்திருந்தாள் என்று பிறகு சித்தி சொன்னாள். ஒட்டாமல் பையை மூடினாள்.

வீட்டுக்குப் போகும்போது காரில் கேட்டாள். "அந்தப் பொட்டிக்கு உள்ள இருக்கறத நீதான செஞ்ச?"

"ஆமாம்மா."

"அப்பப் பாரு. வாத்து வேண்டாம்னு அவங்க சொன்னா சொல்லட்டும். ஆனா இன்னைக்குத் தோத்தது என் வாத்து இல்ல. அது தெரியாம வாத்து போகக்கூடாது."

வெளி அட்டை அச்சுக்குப் போகப் பதினேழு நாள் இருந்தது. அதற்குப் பிறகு பட்டியல் மாறாது. கோளாறு இருப்பதை அதற்குள் நிரூபித்தால் மறுபடி ஒரு சோதனை என்றார் மேலாளர்.

மறுநாள் காலை ஆய்வகத்தில் அளந்தேன். பொத்தானிலிருந்து ஒரு கம்பி. டிவித் திரையில் ஒளி உணரி ஒன்றை டேப் போட்டு ஒட்டினேன். இரண்டும் மின்துடிப்பைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில். பொத்தானை அழுத்துவதற்கும் திரை மாறுவதற்கும் இடையே எவ்வளவு நேரம் என்பது கேள்வி. பழைய பெட்டி ஒன்று அலமாரியில் இருந்தது, முதலில் அதை அளந்தேன். ஒரு ஃபிரேம், அதாவது ஒரு விநாடியில் வரும் அறுபது படங்களில் ஒன்று. என் பெட்டி, ஏழு.

வித்தியாசம் ஆறு ஃபிரேம். ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. பிறகு வாத்தின் நிரலைத் திறந்தேன். தாய் வாத்து ஓர் அடி எடுத்துவைக்க ஆகும் நேரம், ஆறு ஃபிரேம்.

அம்மா சொன்ன 'ஒரு அடி' ஒரு பேச்சுக்குச் சொன்னதில்லை. அளவு.

காரணத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. படம் சிதறாமல் சீராக வர வேண்டும் என்று வரும் ஃபிரேம்களை வரிசையில் சேர்த்துவைத்துப் பிறகு காட்டும் ஏற்பாட்டை நான்தான் எழுதியிருந்தேன். பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. நாங்கள் நிறத்தைச் சோதித்தோம். இசையைச் சோதித்தோம். விரலைச் சோதிக்கவில்லை. குத்துச்சண்டையில் குத்து ஓங்கவே நேரமாகும், அதில் தாமதம் மறைந்துபோகும். நிற்பதே ஆட்டமாக இருக்கும் வாத்தில்தான் அது தெரியும். ஆனால் கோளாறு இருபத்தொரு ஆட்டங்களிலும் இருந்தது. ஒரு லட்சம் பெட்டிகள் அப்படியே வெளியே போயிருக்கும்.

போன் செய்தேன். "ஆறு ஃபிரேம்மா. விநாடில பத்துல ஒரு பங்கு."

"பத்துல ஒண்ணா? அவ்வளவா?" என்றாள். பிறகு, "செஞ்சவ நீதான்னு அங்க எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும். நானே சொன்னேன்."

"நல்லது. சிவப்பு ஸ்டிக்கர நாமளே ஒட்டிக்கிட்டா வலிக்காது."

வரிசையை எடுத்துவிட்டுப் படம் சிதறாமல் இருக்க வேறு வழி தேடினேன். பொத்தானைப் படிக்கும் இடத்தை ஃபிரேமின் கடைசிக்குத் தள்ளினேன். ஏழு, ஐந்தானது. ஐந்தில் நான்கு நாள் நின்றேன். ஆறாம் நாள் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்தோம். நுரையீரல். காலையில் அலுவலகம், மாலையில் ஆஸ்பத்திரி. மூக்கில் குழாயோடு, கட்டிலில் சாய்ந்தபடி, உள்ளே வந்ததும் கேட்பாள்.

"எவ்வளவு?"

"நாலு."

"ம்."

பன்னிரண்டாம் நாள் இரண்டு என்றேன். பழைய பெட்டியைவிட ஒன்றுதான் அதிகம். இதற்குக் கீழே டிவியின் தாமதம், அது என் கையில் இல்லை.

"ஒண்ணு பரவாயில்ல" என்றாள். "அந்தக் காலத்து ரப்பர் பொத்தான் கொஞ்சம் அழுக்கானாலே ஒண்ணு ஆயிரும்."

பதினான்காம் நாள் இரண்டாம் சோதனை. புதிய இருபது பேர். அதே குத்துச்சண்டை, அதே வாத்து. அம்மா இல்லாததால் ஆடுபவர்களின் விரலைப் பார்க்க நான் நின்றேன். டம்ளரோடு சித்தி.

குத்துச்சண்டைக்குப் பத்து கை. வாத்துக்குப் பதினைந்து.

மேலாளர் இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். பிறகு யாரும் சொல்லாமலே கன்ட்ரோலரை எடுத்துத் தானும் ஒருமுறை ஆடினார். சித்தி டம்ளரைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். "சார், மணி அடிச்சு ரொம்ப நேரமாச்சு" என்று காதருகில் தட்டினாள். "இருங்கம்மா, வந்துட்டிருக்கு" என்றார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். சுவரில் இருந்த பட்டியலில் இருபத்தொன்றாம் வரியை அடித்து, தன் கையாலேயே எழுதினார்.

அன்று பிற்பகல் அந்தப் பெட்டியை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். அறையில் சின்ன டிவி இருந்தது. நர்ஸிடம் அனுமதி கேட்டேன். "சத்தம் வைக்காம ஆடுங்க" என்றாள். பதினைந்துக்குப் பத்து என்று அம்மாவிடம் சித்தி ஏற்கெனவே போனில் சொல்லிவிட்டாள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையை நீட்டினாள்.

முத்திரை. நிறம். மேல், கீழ், இடம், வலம். இரண்டு பொத்தான். பதினொரு வருடப் பழக்கம், ஒன்றுகூடத் தவறவில்லை. பிறகு வாத்தைப் பலகையில் ஏற்றினாள். நடந்தாள். நின்றாள். வாத்து நின்றது.

ஆடிக்கொண்டே இருந்தாள். நாற்பதாவது விநாடி வந்தது. அவளுடைய கட்டைவிரல் தானாக மேலே எழுந்தது. நான் பார்த்தேன்.

"அம்மா, மணி கிடையாது."

"அட, ஆமால்ல" என்று விரலைத் திரும்ப வைத்தாள்.

கடைசிக் குஞ்சு ஒரு தும்பியைப் பார்த்துக்கொண்டு நின்றது. அம்மா காத்திருந்தாள். அது வந்தது. ஐந்தும் அக்கரை ஏறின. திரை இருண்டு, வெளுத்து, புதிதாக ஒரு குளம் வந்தது. குளத்தின் நடுவில் ஒரு கட்டை மிதந்தது. கட்டைக்குக் கண் இருந்தது.

"அடியே! முதலை!"

"நிஜமாவே இருக்கும்மா."

"இருக்குடி! வாயப் பொளக்குது பாரு!" அவளுக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. நர்ஸ் எட்டிப் பார்த்தாள். வாத்து என்ன ஆனதென்று நாங்கள் கவனிக்கவில்லை. "ஐயோ பாவம், அந்த அட்டைக்காரன். எத்தனை வருஷமா திட்டிட்டோம். ஏழுகிட்ட சொல்லு. இனிமே திட்டக்கூடாதுன்னு சொல்லு."

இருமல் அடங்கியதும் தலையணைக்கு அடியிலிருந்து கைப்பையை எடுக்கச் சொன்னாள். சுருளில் நான்கைந்து ஸ்டிக்கர்தான் மீதி இருந்தது. ஒன்றை நகத்தால் கிளப்பினாள். நான் உதவப் போனேன், தள்ளிவிட்டாள். குட்டிப் பெட்டியைக் கவிழ்த்து, அடியில் திருகாணிகளுக்கு நடுவே நேராக ஒட்டி, கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினாள்.

நான் நெற்றியைக் காட்டினேன். முப்பத்தைந்து வயதில்.

அம்மா பார்த்தாள். சுருளைப் பைக்குள் போட்டு மூடினாள்.

"உனக்கு இன்னும் மணி அடிக்கல. ஆடு."

அதற்குப் பதினோராம் நாள் போனாள்.

பெட்டி போன வாரம் கடைக்கு வந்தது. புத்தகத்தில் அவளும் சித்தியும் நிற்கும் படம் இருக்கிறது, 'சோதனைப் பிரிவு' என்று கீழே எழுதியிருக்கிறது. பின் அட்டையில் இருபத்தொரு ஆட்டங்கள். கடைசியில் வாத்து, பழைய அட்டைப் படத்தோடு. முதலையை மாற்ற வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

முதல் நாள் சித்தி பார்க்க வேண்டும் என்றாள். பெரிய கடை ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். நுழைவாயிலுக்கு அருகில் மேசை போட்டு, ஒரு டிவியில் பெட்டியை மாட்டி, வருகிறவர்கள் ஆடிப் பார்க்க வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு நிமிடம் என்று பலகை. ஐந்தாறு பேர் வரிசையில் நின்றார்கள். முன்னால் ஒரு பெண். தோளில் காய்கறிப் பை. கேம் ஆடுகிற ஆள் போலத் தெரியவில்லை. பட்டியலை மேலும் கீழும் ஓட்டி, ஒன்றைத் திறந்தாள், மூடினாள். இன்னொன்றைத் திறந்தாள், மூடினாள். கடைசிக்கு வந்தாள்.

சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பலகை. வாத்து. பின்னால் நான்கு. அந்தப் பெண் வேகமாகப் போனாள், ஒரு குஞ்சு விழுந்தது. "ச்சே" என்று முதலிலிருந்து தொடங்கினாள். இந்தமுறை நின்று நின்று போனாள். காய்கறிப் பை தோளிலிருந்து வழுக்கி முழங்கைக்கு வந்ததை அவள் கவனிக்கவில்லை.

"போலாமா? நேரமாகுது" என்றார் கூட வந்தவர்.

"இருங்க. அந்தக் கடைசிக் குட்டி வரட்டும்."

சித்தி வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. என் கையை அழுத்தினாள். நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. அந்தப் பெண்ணின் விரல் எழவில்லை. வரிசை நின்றுபோயிருந்தது. பின்னால் இருந்தவர் எட்டிப் பார்த்து, "என்னங்க, இன்னும் எவ்வளவு நேரம்?" என்றார்.

சித்தி திரும்பினாள். பதினொரு வருடம் பெல்ட்டுக்கு முன்னால் உட்கார்ந்த குரலில் சொன்னாள்.

"கொஞ்சம் பொறுங்க சார். இன்னைக்கு வாத்து நாள்."